வலியை அளந்த வைத்தியர்: உருகுவேயின் கல்தெய்ரோ பார்சியா

பிரசவ விடுதிக்குள் போய் வந்த தாய்மாருக்கு அந்தப் பட்டிகளைத் தெரியும். வயிற்றைச் சுற்றி இரண்டு கட்டுவார்கள். ஒன்று சிசுவின் இதயத் துடிப்பைக் கேட்கும். மற்றையது கருப்பை இறுகுவதையும் தளர்வதையும் பதியும். பக்கத்திலிருக்கும் இயந்திரம் நீளத்துக்குத் தாளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதில் இரண்டு கோடுகள். வைத்தியர் வருவார், தாளை இழுத்துப் பார்ப்பார், தாதியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கோடுகள் என்ன சொல்கின்றன என்பதைக் கட்டிலில் கிடப்பவருக்கு விளக்குவோர் குறைவு.

அந்தக் கோடுகளை வாசிக்க வைத்திய உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ரொபேர்ட்டோ கல்தெய்ரோ பார்சியா. தென்னமெரிக்காவின் சின்னஞ்சிறு நாடான உருகுவேயைச் சேர்ந்தவர். அவரது ஊரின் பெயரை மகப்பேற்று வைத்தியம் படிக்கும் எல்லா மாணவர்களும் அறிவர். ஏனெனில் கருப்பையின் உழைப்பை அளக்கும் அலகுக்கு மொன்ரிவீடியோ அலகு என்றுதான் பெயர். ஆனால் அவர் அளந்ததன் பின்னர் என்ன சொன்னார் என்பது அலகின் அளவுக்குப் பரவவில்லை. அவருடைய வாழ்க்கையை இன்று திரும்பிப் பார்ப்பதற்கு அதுவே காரணம்.

1921 செப்டெம்பர் 26ஆம் திகதி மொன்ரிவீடியோவில் பிறந்தார். அந்நகரின் குடியரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1947இல் பட்டம் பெற்றார். நோயாளிகளைப் பார்த்துப் பணம் சேர்க்கும் வழியை விட்டு உடற்றொழிலியல் ஆய்வுகூடத்தின் பக்கம் திரும்பினார். அங்கே அவருக்கு வாய்த்த கூட்டாளி எர்மோஹெனெஸ் அல்வாரெஸ் என்ற மகப்பேற்று வைத்தியர். ஒருவருக்குப் பிரசவக் கட்டில் தெரியும், மற்றவருக்குக் கருவிகள் தெரியும். அடுத்த பத்தாண்டுகளில் இவர்கள் சேர்ந்து செய்த வேலையைத்தான் பாடநூல்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அதுவரை கருப்பையின் இறுக்கத்தை அளக்க வைத்தியருக்கு இருந்த பிரதான கருவி அவருடைய உள்ளங்கை. வயிற்றின் மேல் கையை வைத்து, கல்லாகிறதா, இளகுகிறதா, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று பார்ப்பார்கள். 1870களிலேயே இங்கிலாந்தின் பிராக்ஸ்டன் ஹிக்ஸ், பிரசவத்துக்குப் பல மாதங்கள் முன்னரே கருப்பை இடையிடையே இறுகுகிறது என்று எழுதினார். அதே காலத்தில் ஜேர்மனியின் ஷாட்ஸ் கருப்பைக்குள் சிறு பலூனை வைத்து அமுக்கத்தை அளக்க முயன்றார். எனினும் இறுக்கம் எங்கே தொடங்குகிறது, எப்படிப் பரவுகிறது, எந்த அளவு இறுகினால் பிள்ளை பிறக்கும் என்ற கேள்விகள் அப்படியே கிடந்தன.

அல்வாரெஸும் கல்தெய்ரோவும் தேர்ந்த வழி துணிச்சலானது. இன்றைய கண்ணுக்குக் கொஞ்சம் பயமூட்டுவதும்கூட. தாயின் வயிற்றுச் சுவரினூடாக ஊசியைச் செலுத்தி, பன்னீர்க்குடத்துக்குள் மெல்லிய குழாயை இறக்கி, அதனை அமுக்கமானியுடன் இணைத்தார்கள். சில பரிசோதனைகளில் கருப்பைத் தசைக்குள்ளேயே மேல், நடு, கீழ் என வெவ்வேறு இடங்களில் மிகச்சிறிய பலூன்களைப் பதித்தார்கள். எல்லா இடத்து அமுக்கமும் ஒரே தாளில் ஒரே நேரத்தில் வரையப்பட்டது. அந்தத் தாள்களின் வளைவுகள் உலகம் முழுதும் அச்சாகின. வயிற்றைக் கொடுத்த மொன்ரிவீடியோப் பெண்களின் பெயர்கள் எங்கும் அச்சாகவில்லை. ஆய்வு எழுதும் முறை அப்படித்தான் என்றாலும், இந்த வரலாற்றைச் சொல்லும்போது அவர்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1950இல் முதற் பெரிய கட்டுரை வெளிவந்தது. மரக்கானா மைதானத்தில் பிரேசிலைத் தோற்கடித்து உருகுவே உலகக் கிண்ணத்தைத் தூக்கியதும் அதே ஆண்டில்தான். இருபது இலட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட நாட்டுக்கு அது வெற்றிகரமான ஆண்டு.

தாள்கள் சொன்னது என்ன? முழுமாதக் கருப்பையில் இறுக்கம் மேற்பகுதியில், கருக்குழாய் வந்து சேரும் மூலைக்கு அருகில் தொடங்குகிறது. அங்கிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் வேகத்தில் கீழே இறங்கி, 15 வினாடிகளுக்குள் கருப்பை முழுவதையும் பிடிக்கிறது. மேலே இறுக்கம் பலமானது, நீண்ட நேரம் நிற்பது. கீழே போகப்போகப் பலமும் நேரமும் குறைகின்றன. இந்த ஒழுங்கு இருந்தால்தான் கருப்பைக் கழுத்து விரியும். ஒழுங்கு குலைந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக இறுகினால் தாய்க்கு நோவு மட்டும் மிஞ்சும், பிரசவம் நகராது. மாதக்கணக்கில் கருப்பையின் ஏதோவொரு மூலையில் எழுந்து அங்கேயே அடங்கும் சிற்றலைகளையும் அவர்கள் கண்டார்கள். அவற்றுக்கு இன்று அல்வாரெஸ் அலைகள் என்று பெயர்.

அளவுகோலும் இங்கிருந்துதான் வந்தது. கணக்கு மிக எளிது. பத்து நிமிடத்தில் எத்தனை இறுக்கங்கள், ஒவ்வொன்றும் சராசரியாக எத்தனை மில்லிமீற்றர் இரச அமுக்கம் என்று பார்த்து இரண்டையும் பெருக்கினால் போதும். மூன்று இறுக்கம், ஒவ்வொன்றும் 40 என்றால் 120 மொன்ரிவீடியோ அலகு. கர்ப்பத்தின் முதல் 30 வாரங்களில் இது பெரும்பாலும் 20ஐத் தாண்டாது. பிரசவம் தொடங்கும் வேளையில் 80 முதல் 120 வரை ஏறும். தாய் முக்கத் தொடங்கும் கட்டத்தில் 250 அளவைத் தொடும். வலி என்று மட்டுமே சொல்லப்பட்டு வந்த ஒன்றுக்கு முதன்முறையாக ஓர் எண் கிடைத்தது.

எண் கிடைத்ததும் முதலில் மாறியது மருந்தின் அளவு. 1953இல் அமெரிக்க இரசாயனவியலாளர் வின்சென்ற் டு விக்னோ ஒக்ஸிடோசின் ஓமோனை ஆய்வுகூடத்திலேயே செய்து காட்டினார். இரண்டு ஆண்டுகளில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பிரசவத்தைத் தூண்டவும் விரைவுபடுத்தவும் இது பெருமளவில் பயன்படத் தொடங்கியது. எவ்வளவு கொடுப்பது? அதற்கு முன் ஊசியாகவே ஏற்றப்பட்ட பிற்றூயிட்டரிச் சாறுகளின் அளவு கருப்பையைத் தொடர்ச்சியாக இறுக வைத்துச் சிசுவை மூச்சுத்திணற வைக்கக்கூடியதாக இருந்தது. கருப்பையே வெடித்த சம்பவங்களும் உண்டு. மொன்ரிவீடியோக் குழு அமுக்கத் தாளைப் பார்த்துப் பார்த்துக் கணக்கிட்டது. நாளத்தினூடாகத் துளித்துளியாக, நிமிடத்துக்கு ஒரு சில மில்லி அலகுகள் கொடுத்தாலே போதும், இயல்பான பிரசவத்தின் அதே வளைவு தாளில் வருகிறது என்று காட்டினார்கள். 1959இல் ஒக்ஸிடோசின் பற்றிய சர்வதேசக் கருத்தரங்கு மொன்ரிவீடியோவிலேயே கூடியது. அதன் தொகுப்பை கல்தெய்ரோவும் பிரித்தானியாவின் ஹெல்லரும் பதிப்பித்தனர். இன்று நமது வைத்தியசாலைகளில் சேலைனுடன் அந்த மருந்தைத் துளிக்கணக்கில் எண்ணி விடுவதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

அடுத்து சிசுவின் இதயம். கருப்பையின் கோட்டுக்குக் கீழே சிசுவின் இதயத் துடிப்பையும் சேர்த்து வரைந்தபோது இரண்டு வகைச் சரிவுகள் தெரிந்தன. இறுக்கத்தோடு சேர்ந்தே இறங்கி அதனுடனேயே மீளும் சரிவு ஒன்று. சிசுவின் தலை நெருக்கப்படுவதால் வருவது, பெரிதும் அஞ்சத் தேவையில்லை. மற்றையது இறுக்கம் உச்சிக்குப் போன பிறகு தாமதித்து இறங்கி, தாமதித்தே மீள்வது. சிசுவுக்கு ஒட்சிசன் போதவில்லை என்பதன் அடையாளம் அது. அமெரிக்காவில் எட்வேர்ட் ஹொன் என்பவரும் ஜேர்மனியில் ஹம்மாக்கர் என்பவரும் இதே பாதையில் நடந்துகொண்டிருந்தார்கள். 1960களின் இறுதியில் இந்த இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. பிறகு நடந்தது வியாபாரம்.

இங்கேதான் இந்த மனிதரின் கதை வேறு பக்கம் திரும்புகிறது. அளவுகோலைச் செய்தவர், அந்த அளவுகோலை வைத்தியர்களின் பக்கமே திருப்பினார்.

பிரசவத்தின்போது தாயை மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களைத் தூக்கிக் கட்டுவது அந்நாளில் எல்லா ஊரிலும் வழக்கம். வைத்தியருக்குப் பார்க்கவும் வேலை செய்யவும் அது வசதி. கல்தெய்ரோவும் தோழர்களும் 1960இலேயே ஒரு சின்ன விடயத்தைப் பதிந்திருந்தார்கள். மல்லாக்கக் கிடந்த தாயை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தால் இறுக்கங்களின் எண்ணிக்கை குறைகிறது, ஒவ்வோர் இறுக்கத்தின் பலமும் கூடுகிறது. குறைந்த தடவையில் கூடுதல் வேலை. அவரது குழுவைச் சேர்ந்த பொசெய்ரோ இன்னொன்றைக் கவனித்தார். மல்லாக்கக் கிடக்கும்போது இறுகும் கருப்பை முதுகெலும்போடு சேர்த்துப் பெருநாடியை நசுக்குகிறது. தாயின் தொடையில் நாடி மெலிகிறது. சிசுவுக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. பக்கவாட்டில் திரும்பினால் நாடி மீண்டும் வருகிறது. இதற்கு இன்றும் பொசெய்ரோ விளைவு என்றே பெயர்.

1970இல் அகில அமெரிக்க சுகாதார அமைப்பின் கீழ் மொன்ரிவீடியோவில் இலத்தீன் அமெரிக்கப் பேறுகால ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நகரின் பெரிய போதனா வைத்தியசாலையின் 16ஆவது மாடியில் அது இயங்கியது. அதனை நிறுவி வழிநடத்தியவர் கல்தெய்ரோ. கண்டத்தின் பல நாடுகளிலிருந்து இளம் வைத்தியர்கள் அங்கே வந்து பயின்று திரும்பினார்கள். அந்த நிலையம் பல நாட்டு வைத்தியசாலைகளைச் சேர்த்துச் செய்த ஆய்வுகளில் வழக்கமான கேள்விகள் ஒவ்வொன்றாகத் தாளில் வைக்கப்பட்டன. தாய் நடந்தும் நின்றும் உட்கார்ந்தும் பிரசவ வலியைக் கடந்தால் என்ன ஆகும்? கருப்பைக் கழுத்து விரைவாக விரிகிறது, நோவும் குறைவென்று தாய்மாரே சொல்கிறார்கள். பன்னீர்க்குடத்தை முன்கூட்டியே உடைக்காமல் விட்டால்? பெரும்பாலானவர்களில் அது கருப்பைக் கழுத்து முழுதாக விரியும் வரை உடையாமலே இருக்கிறது, சிசுவின் தலைக்குக் காப்பாகவும் அமைகிறது. மூச்சைப் பிடித்து முக்கு, இன்னும் முக்கு என்று தாயை ஏவினால்? மூச்சைப் பிடிக்கும் நேரம் நீளும்போது சிசுவின் ஒட்சிசன் இறங்குகிறது.

இந்த முடிவுகளை அவர் 1970களின் நடுப்பகுதியிலிருந்து மேடைமேடையாகச் சொன்னார். தேவையில்லாத வெட்டு, தேவையில்லாத தூண்டல், தேவையில்லாத அவசரம் என்பன பிள்ளைக்குக் கேடு என்று எழுதினார். மல்லாக்கக் கிடத்திப் பிள்ளை பெறவைப்பதை அவர் பகடி செய்து பேசியது இயற்கைப் பிரசவ இயக்கத்தினரிடையே பிரபலம். 1976 முதல் 1979 வரை சர்வதேச மகப்பேற்று, பெண்நோயியல் சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தார். அத்தனை உயரத்திலிருந்தும் சொன்னார். பிரசவ அறைகள் மெதுவாகத்தான் அசைந்தன. மல்லாக்கப் படுக்க வைக்கும் வழக்கம் உலகின் பல பிரசவ விடுதிகளில் இன்னும் இருக்கிறது. ஒருபக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லும் தாதி எங்கேனும் வாய்த்தால் அது அதிர்ஷ்டம்.

இயந்திரத்துக்கும் பரீட்சை வந்தது. 1985இல் டப்ளின் நகரில் ஏறத்தாழ 13,000 தாய்மாரிடையே நடந்த ஆய்வின் முடிவுகள் வெளியாகின. இடைவிடாமல் இயந்திரத்தால் கண்காணித்தாலும், பயிற்சி பெற்ற மருத்துவமாது குறித்த இடைவெளியில் குழலை வைத்துக் கேட்டாலும் சிசு இறப்பில் வேறுபாடு இல்லை. பிறந்த பிள்ளைக்கு வரும் வலிப்பு மட்டும் இயந்திரக் கண்காணிப்பில் குறைந்தது. மின்சாரமே இல்லாத நாட்களில், வேறு வழியின்றி, மருத்துவமாதுவின் கையையும் காதுக்குழலையும் நம்பிப் பிள்ளை பெற்ற நமது தாய்மாருக்கு இது பெரிய வியப்பாக இராது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரேசிலின் ஃபோர்த்தலேசா நகரில் கூடிய உலக சுகாதார அமைப்பின் மாநாடும் தாயை மல்லாக்கக் கிடத்தும் வழக்கத்தைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது.

இந்தக் காலமெல்லாம் அவருடைய நாடு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1973 ஜூன் 27ஆம் திகதி உருகுவேயில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. இராணுவத்தின் பிடி இறுகியது. ஒக்டோபரில் பல்கலைக்கழகத்துக்குள் படை புகுந்தது. சுயாட்சி பறிக்கப்பட்டது. ஆசிரியர்கள் நீக்கப்பட்டார்கள், சிறையில் அடைக்கப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். ஆய்வுகூடங்கள் ஆளின்றிப் போயின. படித்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன பிறகு ஒரு பல்கலைக்கழகம் எப்படி இருக்கும் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1985இல் மக்களாட்சி திரும்பியது. அப்போது கல்தெய்ரோவுக்கு 64 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வெடுத்திருக்கலாம். அடுத்த ஆண்டே அடிப்படை விஞ்ஞானங்களை மீளக் கட்டும் தேசியத் திட்டம் ஒன்று ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் உதவியுடன் தொடங்கியபோது அதன் முதற் பணிப்பாளராகப் பொறுப்பேற்றார். பெதெசிபா என்று அதனைச் சுருக்கமாக அழைப்பார்கள். உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல், கணிதம், கணினியியல் என ஐந்து துறைகள். புலம்பெயர்ந்த விஞ்ஞானிகளைத் திரும்ப அழைத்து இடம் கொடுப்பதும், நாட்டிலேயே பட்டப்பின் ஆய்வு செய்ய வழி அமைப்பதும் வேலை. எல்லோரும் திரும்பவில்லை. திரும்பியவர்களை வைத்து உருகுவேயின் ஆய்வுத்துறை மீண்டும் எழுந்தது. மகப்பேற்று வைத்தியர் ஒருவர் கணிதவியலாளர்களுக்கும் பௌதிகவியலாளர்களுக்கும் மேசை தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய அலகைவிட இந்த வேலையே பெரிது என்பது என் எண்ணம். வெளிநாட்டுப் பாடநூல்களில் இதற்கு இடமில்லை.

1996 நவம்பர் 2ஆம் திகதி பிறந்த நகரிலேயே இறந்தார். நோபல் பரிசுக்கு அவரது பெயர் பலமுறை பேசப்பட்டது, கிடைக்கவில்லை.

அவர் விட்டுச் சென்ற கேள்வி ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. இறுக்கம் மேல் மூலையில் தொடங்குகிறது என்றால், அங்கே அதைத் தொடக்கிவைப்பது எது? இதயத்துக்குத் துடிப்பைத் தொடங்கும் முடிச்சு ஒன்று உண்டு. கருப்பையிலும் அப்படி ஒன்று இருக்கவேண்டும் என்றுதான் மொன்ரிவீடியோக் குழு நம்பியது. அமுக்கத்தை வைத்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். அமுக்கம் விளைவு. அதற்கு முன்னால் மின்சாரம் இருக்கிறது. கருப்பைத் தசையின் ஒவ்வொரு கலமும் தன் மென்சவ்வுக்குக் குறுக்கே சிறிய மின்னழுத்தத்தை வைத்திருக்கிறது. அது கொத்துக்கொத்தாக வெடிக்கும்போது கல்சியம் உள்ளே பாய்ந்து கலம் சுருங்குகிறது. பக்கத்துக் கலத்துக்கு மின் கடந்து போகச் சிறு வாசல்கள் வேண்டும். கர்ப்ப காலம் முழுதும் அவை அரிது. பிரசவம் நெருங்கும்போது பெருகுகின்றன என்று 1977இல் கனடாவில் கார்ஃபீல்ட்டும் தோழர்களும் காட்டினார்கள். மாதக்கணக்கில் தனித்தனியாக முணுமுணுத்த கலங்கள் கடைசியில் ஒன்றாக இயங்குவதன் இரகசியம் இதுதான்.

இந்த மின்சாரத்தை வயிற்றுத் தோலின் மேல் மின்வாய்களை ஒட்டியே பிடிக்கலாம். ஊசி வேண்டாம். 1931இலேயே ஜேர்மனியில் முயன்றார்கள். 1950இல் அமெரிக்காவிலும் பதிந்தார்கள். சிக்கல் என்னவென்றால் சமிக்ஞை மிக மெல்லியது, மிக மெதுவானது. வினாடிக்கு மூன்று அதிர்வுகளுக்குள் அடங்குவது. அதன் மேலே தாயின் இதயமும் மூச்சும் அசைவும் ஏறி நிற்கும். கணினி மலிந்த பிறகுதான் இரைச்சலை வடித்து, உள்ளே இருப்பதை வாசிக்க முடிந்தது. ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் 1997 முதல் 2005 வரை 300 கர்ப்பங்களில் இப்படிப் பதிந்தார்கள். அவற்றில் 38 குறைமாதப் பிரசவத்தில் முடிந்தவை. எந்த மின்கோலம் முன்கூட்டியே எச்சரிக்கிறது என்பதைத் தேட அந்தப் பதிவுகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். இதயத்தில் உள்ளதுபோல் நிலையான ஒரு முடிச்சைக் கருப்பையில் யாரும் இதுவரை சுட்டிக் காட்டவில்லை. தொடக்கப்புள்ளி இடம் மாறுகிறது என்பதே இன்றைய பதிவுகள் பலவற்றின் சாட்சி.

பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண்களிடத்திலும் இந்த ஆய்வு போய்ச் சேர்ந்திருக்கிறது. கர்ப்பமில்லாத கருப்பையும் சும்மா இருப்பதில்லை. முட்டை வெளியாகும் நாட்களில் சிற்றலைகள் கீழிருந்து மேலாக ஓடும். பிறகு கரு ஒட்டிக்கொள்ள வேண்டிய நாட்களில் அடங்கிவிடும். சோதனைக்குழாய் முறையில் முளையத்தை உள்ளே வைக்கும் நாளில் கருப்பை அதிகம் அலைந்தால் கரு தங்கும் வாய்ப்புக் குறைகிறது என்று 1998இல் பிரான்சின் ஃபான்ஷான் குழு அலட்ராசவுண்ட் மூலம் காட்டியது. அதற்கென்று அலையை அடக்கும் அத்தோசிபான் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் வெளிவந்த, 800 பெண்கள் பங்கேற்ற ஆய்வில் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுப்பதால் பயன் தெரியவில்லை. இலட்சக்கணக்கில் செலவழித்துச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. யாருடைய கருப்பை உண்மையில் அலைகிறது என்று முதலில் அளக்க வேண்டும். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அலட்ராசவுண்டையும் வயிற்றின் மேல் ஒட்டும் மின்வாய்களையும் சேர்த்து அதைத்தான் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

ஐஸ்லாந்தில் 45 கர்ப்பிணிகளிடம் எடுத்த 122 பதிவுகளும் இப்போது யாரும் இறக்கிப் பார்க்கக்கூடியதாக இருக்கின்றன. நான்குக்கு நான்காக 16 மின்வாய்கள், தொப்புளைச் சுற்றி ஒட்டியவை. அலை எங்கிருந்து எழுந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதற்கு.